கதவில் தொங்கிய துண்டு

இரண்டாம் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, படித்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சரியாகப் பார்த்துக்கொண்டதில்லை. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்பே பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை. அம்மாவுக்கு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். எங்கள் தங்கவயலில் பாதி ஊர் இப்படித்தான் இருக்கிறது. சுரங்கத்தில் இறங்கினவர்களின் பிள்ளைகள் இப்போது ரயில் ஏறுகிறார்கள். நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு கொட்டாவி விடும்போது அம்மா வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி, "குக்கர்ல சாதம் கீது, துன்னுட்டுப் போ" என்பாள். அன்றைக்கு எங்களுக்குள் நடக்கும் பேச்சு அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

என் பாடு அவர்கள் படும் பாட்டைவிடக் குறைந்ததல்ல என்று எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும். பகல் முழுக்க காலேஜ். அது முடிந்ததும் ராபர்ட்சன்பேட்டையில் கணக்கு டியூஷன். வீட்டுக்கு வந்தால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றுக்கும் ரெக்கார்டு எழுத வேண்டும், படம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான சி.இ.டி.க்கு மாதிரித் தேர்வு. காலேஜில் ஒரு சார், "சி.இ.டி.யை மறந்துடு, போர்டு பரீட்சையைப் பாரு" என்பார். டியூஷன் சார், "போர்டு தானா வரும், சி.இ.டி.யைப் பாரு" என்பார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே நாளில் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்து, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பேன். அந்த வருடம் நான் சீவிய பென்சிலுக்கு ஒரு மரம் போயிருக்கும்.

சி.இ.டி.யில் நல்ல ரேங்க் வந்தால் பெங்களூரில் அரசு இன்ஜினியரிங் காலேஜ். வராவிட்டால் இங்கேயே ஏதாவது ஒரு டிகிரி, அதன் பிறகு அம்மா போகும் அதே பெட்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட். அப்பா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. சோறு பிசைந்துகொண்டே, உள்ளதை உள்ளபடி சொன்னார். அதனால்தான் எனக்கு அது நன்றாக உறைத்தது.

படிக்க இடம் வேண்டுமே. நாங்கள் இருப்பது நந்திதுர்க் பக்கம், சுரங்கத்துக்காரர்களுக்கு என்று கட்டிய லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அந்த வீட்டில் இருந்தது ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் வீட்டுக்காரர், நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர், சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். இப்போது வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்வார். பெரியம்மாவுக்கு டி.வி. வேண்டும். அந்த வருடம் நான் ஒரு சீரியலையும் பார்க்கவில்லை. ஆனால் எந்த மருமகளை எந்த மாமியார் எப்படிக் கவிழ்த்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

"பெரிம்மா, கொஞ்சம் சவுண்டு கம்மி பண்ணுங்க" என்று சுவருக்கு மேலே கத்துவேன். உடனே குறையும். அடுத்த விளம்பரம் வந்ததும் தானாக ஏறிவிடும். மறுபடி கத்துவேன். "படிக்கிற புள்ளைக்கு இவ்ளோ கோவம் ஆவாது கண்ணு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அந்த அன்பான குரலைக் கேட்டதும் என் கோபம் இன்னும் ஏறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தை வீசியெறிந்து அழுததைப் பார்த்து அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னாள். அப்பாவின் பழைய சிவப்புத் துண்டை எடுத்துவந்து கதவின் வெளித் தாழ்ப்பாளில் தொங்கவிட்டாள்.

லைனில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார், கதவைத் தட்டாதே. சுரங்கக் காலத்திலிருந்து இருக்கும் வழக்கம். சுரங்கம் மூடிவிட்டது, நைட் ஷிப்ட் மூடவில்லை. இன்றும் எங்கள் லைனில் கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், பெங்களூரில் ஏதோ ஆபீஸ் வாசலில் இரவெல்லாம் செக்யூரிட்டியாக நிற்கிறவர்கள் காலை ரயிலில் வந்து துண்டைப் போட்டுவிட்டுப் படுப்பார்கள். கரண்ட் பில்காரர்கூட அந்தக் கதவைத் தட்டமாட்டார். துண்டு தொங்கும் வீட்டுப் பக்கம் பந்து போனால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எடுப்பார்கள்.

"நான் இன்னா நைட் ஷிப்டா போறேன்? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். போட்டுப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. துண்டு தொங்கிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டி.வி. மாமியார் பேச்சை நிறுத்தினாள். டி.வி. ஓடுவது தெரிந்தது, நீல வெளிச்சம் கூரையில் ஆடியது, சத்தம் மட்டும் இல்லை. பெரியம்மா சத்தமே இல்லாமல் வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே தூங்கவில்லை, படிக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். ஆனால் துண்டு துண்டுதான். நான் மாதக்கணக்காகக் கத்தி வாங்க முடியாததை ஒரு கிழிந்த துண்டு வாங்கிக் கொடுத்தது.

அதன் பிறகு தினமும் போட்டேன். காலையில் அவர்கள் ரயிலுக்குப் போனதும் துண்டு வெளியே போகும், நான் காலேஜுக்குக் கிளம்பும்போது உள்ளே வரும். மறுபடி டியூஷன் முடிந்து வந்ததும் போகும். குழாயில் தண்ணீர் வரும் நாளில், கதவைத் திறந்தால் எங்கள் குடங்கள் நிரம்பி வாசலில் வரிசையாக நிற்கும். வெறுங்குடத்தை எடுத்துப் போனதும் எனக்குக் கேட்காது, நிறைகுடத்தைக் கொண்டுவந்து வைத்ததும் கேட்காது. தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஜனம், என் வாசலில் மட்டும் பூனை மாதிரி நடந்தது. எனக்கு உள்ளூர ஒரே பெருமை. ரெக்கார்டு எழுதும் வேகம்கூட ஏறிவிட்டது.

என் செல்போனையும் அந்த நாட்களில் அம்மாவே வேலைக்கு எடுத்துப்போனாள். நான்தான் கொடுத்தேன். அது கையில் இருந்தால் நான் உருப்படமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் பிராக்டிகல் பரீட்சை வந்தது. கெமிஸ்ட்ரிக்கு என் பேர் காலை பேட்ச்சில். பிராக்டிகலுக்கு வராதவர்களுக்கு அந்தப் பாடம் போச்சு. பாடம் போனால் சி.இ.டி.யில் எந்த ரேங்க் எடுத்தாலும் சீட் கிடையாது. பரீட்சை நடத்த வெளியூர் காலேஜிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் வருவார். கெமிஸ்ட்ரி சார் இதை எல்லாம் முந்தின நாள் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

அம்மா லீவு போடுகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். என் கூடப் படிக்கிற ஒருத்தி, அவள் அப்பா இன்ஜினியரிங் ஃபேக்டரியில் வேலை, அந்தக் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்து என்னை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். நான் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி, ரெக்கார்டைப் பையில் வைத்து, எல்லாம் தயார். இன்னும் நேரம் இருந்தது. சால்ட் அனாலிசிஸை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று துண்டைப் போட்டுவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. புத்தகத்தின் மேல் தலை எப்போது சாய்ந்தது என்று தெரியாது.

கண் விழித்தபோது கூரை ஷீட்டின் ஓட்டை வழியாக விழும் வெயில், வார நாளில் நான் பார்த்தேயிராத ஓர் இடத்தில் தரையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் முடிந்து எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்போதுதான் அது அங்கே வரும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். பெரியம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் கோலி ஆடும் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரித்தார்.

"நல்லா தூங்கினியா கண்ணு? கொறட்டை எங்கூட்டு வரைக்கும் கேட்டுச்சி. உன் ஃப்ரெண்டு வந்துச்சி. தட்டப் பாத்துச்சி. நான்தான் உடல. துண்டு தொங்குது, கண்ணு தெரியல உனக்குன்னு திட்டி அனுப்பிட்டேன்."

நான் உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பிராக்டிகல்னு இன்னாவோ சொல்லிச்சி. அது வாரா வாரம் கீறதுதானே. ஒரு நாளு போவலன்னா இன்னா, புள்ள நாலு மணிக்கே எந்திரிக்குதுன்னேன்."

"பெரிம்மா, இன்னிக்கு பரீட்சை" என்றேன். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. திட்ட வேண்டும் என்று என் நாக்கு வரைக்கும் வந்தது. அவர் மடியிலிருந்த அவரைக்காய் எல்லாம் கொட்ட எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எந்திரி. பைய எடு" என்றார். செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி, வருகிற ஆட்டோவின் முன்னால் நின்றார். அதில் ஏற்கெனவே இருந்த இரண்டு பேரை, "அவசரம், மன்னிச்சிக்கோங்க, எறங்குங்க" என்று இறக்கிவிட்டு என்னை ஏற்றினார். தானும் ஏறிக்கொண்டார். "நீங்க எதுக்கு" என்றேன். "நான் பண்ணது. நான் சொல்றேன் அவங்கள்ட்ட" என்றார்.

ஆட்டோவில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் அழவில்லை. சாலையைப் பார்த்தபடி, எனக்குச் சொல்வது மாதிரியும் இல்லாமல் சொன்னார். கல்யாணமான புதிதில், ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்ததாம். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிய பெரியப்பாவைக் குடம் தூக்க இவர்தான் தட்டி எழுப்பினாராம். அந்த ராத்திரி அவர் தூக்கக் கலக்கத்தோடு ஷிப்டுக்குப் போய், கல் ஏற்றும் டப் வண்டியில் கையை விட்டுவிட்டாராம். பெரியப்பாவின் வலக்கையில் இரண்டு விரல் கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். எப்படிப் போனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அதுக்கப்பறம் துண்டு தொங்குற கதவ நான் தட்டினதே இல்ல. ஒர்த்தரயும் தட்ட உட்டதில்ல" என்றார்.

திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் அங்கேயே போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லேப் வாசலில் மத்தியான பேட்ச் வரிசையாக நின்றது. காலை பேட்ச் முடிந்து போயிருந்தது. என் சிநேகிதி மட்டும் வீட்டுக்குப் போகாமல் படிக்கட்டில் காத்திருந்தாள். "உனக்கு ரொம்ப உடம்பு முடியலைன்னு நினைச்சேன். அவங்க கதவுக்குக் குறுக்கே நின்னுட்டாங்க" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குவார்ட்டர்ஸ் பக்கத்தில் துண்டு என்றால் துவட்டிக்கொள்வதற்கு மட்டும்தான்.

கெமிஸ்ட்ரி சார் வெளியே வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். "இன்னாமா ஆச்சி? காலைல எங்க போன?"

நான் வாய் திறக்குமுன் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், புள்ள மேல தப்பு இல்ல. கதவுல துண்டு தொங்கினு இருந்துச்சி. தட்ட வந்த பொண்ண நான்தான் தொரத்திட்டேன்."

சாரும் சாம்பியன் சுரங்கத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "துண்டா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எக்ஸ்டர்னல் கன்னடக்காரர், வேறு ஊர். "யாக்கே லேட்டு?" என்று அவர் காரணம் கேட்டது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. சார் கன்னடத்திலேயே பொறுமையாகச் சொன்னார். இந்த ஊர் லைன் வீடுகளில் இப்படி ஒரு வழக்கம், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களை யாரும் எழுப்பமாட்டார்கள், துண்டைப் பார்த்துத்தான் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள் என்றார். எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பி.யு.சி. படிக்கிற பெண் நைட் ஷிப்டும் பார்க்கிறாளா என்று கேட்டார்.

"ஹௌது சார்" என்று ஆமோதித்தார் எங்கள் சார். "இந்த வருஷம் இவங்க எல்லாருமே பாக்கறாங்க."

எக்ஸ்டர்னல் சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியான பேட்ச்சில் சேர்த்து, ஓரத்து மேசையைக் காட்டினார்கள். பியூரெட்டில் ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் கொட்டியது. எங்கள் சார் அந்தப் பக்கமாக நடந்துபோகிறவர் மாதிரி வந்து, அதைத் துடைத்துவிட்டுப் போனார். கரைசல் மெதுவாக இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்தபோது பெரியம்மா வெறுங்காலோடு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். உடனே அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, ஆட்டோவில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதார். காலேஜ் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

இனிமேல் துண்டே வேண்டாம் என்று நான் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவே வந்து கேட்டார். "இன்னாத்துக்கு எடுத்துட்ட? படிக்கணும் இல்ல? போடு." போட்டேன். டி.வி. மறுபடி ஊமையானது.

அப்புறம் போர்டு பரீட்சை, அதற்கப்புறம் சி.இ.டி. அதில் எடுத்த ரேங்க்கில்தான் இன்று பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன். கடைசியில் அம்மா போகும் அதே ரயில்தான், பல நாள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே சீட். இறங்கும் ஸ்டேஷன் மட்டும் வேறு. ஆனால் சி.இ.டி. என்றதும் எனக்கு நினைவு வருவது கேள்வித்தாள் அல்ல, அன்றைய காலைதான்.

எனக்கு சென்டர் கோலாரில். பஸ் பிடிக்க வேண்டும். அம்மா லீவு கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஸ்டோர்ஸில் கணக்கெடுப்பு. முந்தின நாள் அம்மா பெரியம்மாவிடம் போய், "நீங்கதான் எழுப்பி அனுப்பணும்" என்றாள். பெரியம்மா, "நானா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அம்மா போகும்போது, நான் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று துண்டைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறாள். நான் தூங்கவில்லை. குளித்துக் கிளம்பி, ஹால்டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. அது போகவும் இல்லை, வரவும் இல்லை.

கதவைத் திறந்தேன். பெரியம்மா கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். நான் திறந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"உங்கம்மா போனதுல இருந்து." துண்டைப் பார்த்தார். "தட்டணும்னு தான் வந்தேன். கை வரல கண்ணு."

நான் மறுபடி கதவைச் சாத்தினேன். உள்தாழ்ப்பாளையும் போட்டேன்.

"பெரிம்மா, தட்டுங்க" என்றேன்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நின்றேன். பிறகு விரல் நுனியால் ஒரு தட்டு கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் உள்ளங்கையால் பலமாக, கதவு ஆடுகிற மாதிரி தட்டினார்.

பக்கத்து வீட்டில் பெரியப்பா டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "யாரு அது, துண்டு தொங்குற கதவ தட்றது?" என்று அதட்டினார்.

"நான்தான்" என்றார் பெரியம்மா. "நீங்க டீய குடிங்க. புள்ளைக்கு பரீட்சை, எழுப்பணும்."